நான்கு வளையம் வரைந்த கை

செட்டியார் பொம்மையின் கண் அன்று கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் பொம்மைகளுக்குக் கண் வைப்பது என் வேலை.

"என்ன மாமா, செட்டியாருக்கு மச்சம் வச்சிட்டீங்க?" என்றாள் பக்கத்தில் சாயம் தீட்டும் பெண். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு ஒரு பக்கமாகவே போனது.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்து உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். உங்களுக்கும் கை மரத்துப்போனால், வாய் கோணினால், டீயைக் குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். நான் குடித்தேன். பாதி சட்டையில்.

குழறிப்போன பேச்சு சீக்கிரம் திரும்பியது. "அது எங்க போவும், போனா வழி கேட்டே வந்துடும்" என்றாள் என் மனைவி செல்வி. வலது கைதான் வரவில்லை. கொலு சீசனுக்குள் வந்தால் இடம் உண்டு என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார்.

இயன்முறை மருத்துவர் (பயிற்சி கொடுத்து உறுப்புகளைப் பழக்குபவர்) ஓர் இளம் பெண். "தினமும் வட்டம் போடுங்கய்யா" என்றார். வெறும் வட்டம் சலித்தது. அப்போது துபாயிலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டு கபீர் பாய் ஒரு சாவிக்கொத்து கொடுத்தார். அதில் ஒரு வெளிநாட்டுக் காரின் சின்னம்: ஒன்றோடொன்று கோத்த நான்கு வளையம்.

"காரு எங்க பாய்?"

"சாவிக்கொத்து முன்னால வந்துடுச்சு. காரு கப்பல்ல வருது."

அதையே வரையத் தொடங்கினேன். முதல் நாள் நான்கு ஜாங்கிரி வந்தது. பாய் பார்த்துவிட்டு, "இந்த வண்டி பக்கத்துல இருக்குற வேப்பூரக்கூடத் தாண்டாது" என்றார்.

ரோஷம் வந்தது. பட்டறையில் கோப்பையைச் சுற்றி வண்ணக் கோடு போடும்போது கையை அசைக்க மாட்டோம். சுழலும் பலகையில் கோப்பைதான் சுற்றும். அதே வேலையை வீட்டில் செய்தேன். அடி உப்பிய தட்டில் பேப்பரை ஒட்டி, பேனாவை ஊன்றிப் பிடித்து, செல்வியைச் சுற்றச் சொன்னேன். ஒவ்வொரு வளையத்துக்கும் பேப்பரை நகர்த்தி ஒட்டுவாள். வளையங்கள் கம்பெனியில் செய்ததைப் போல வந்தன.

கொண்டுபோய்க் காட்டியதும் மருத்துவர் அசந்துபோனார். "எங்க, என் முன்னால ஒண்ணு போடுங்க."

பேனாவை ஊன்றினேன். "பேப்பரைக் கொஞ்சம் சுத்துங்கம்மா."

"வூட்டுல யாரு சுத்துனது?"

"இவங்கதாங்க" என்று செல்வியைக் காட்டினேன்.

"அப்ப அவங்க கை நல்லா தேறியிருக்குது. உங்க கைய எப்பக் கூட்டிட்டு வருவீங்க?"

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். வழியெல்லாம் பஸ்ஸில் சிரித்தாள். நான் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கோப்பை சுற்றும், பொம்மை முகம் சுற்றாது. கண் வைக்கக் கைதான் போய் வர வேண்டும்.

மறுநாள் தட்டு சமையலறைக்குத் திரும்பியது. ஒரு வளையம் முடிவதற்குள் பக்கத்தில் வைத்த டீ ஆறிவிடும். மேலேயிருந்து கீழே இறங்கும்வரை கை பேச்சைக் கேட்கும். இடப்பக்கம் ஏறும்போது நின்றுவிடும். திட்டினால் நடுங்கும். "அதையேன் விரட்டுறீங்க? அது வரும்போது வரட்டும்" என்றாள் செல்வி. காத்திருந்தேன். வந்தது.

கொலுவுக்கு முன் பட்டறைக்குப் போனேன். முதல் செட்டியாருக்கு ஒரு கண் சற்றுப் பெரிதாகிவிட்டது. முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணு கண்ணு இருக்க வேண்டிய எடத்துல இருக்குது. உக்காருங்க" என்றார்.

முன்பெல்லாம் எனக்கு மணிக்கட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது அதோடு சேர்ந்துதான் வேலைக்குப் போகிறேன். ஒவ்வொரு கண்ணிலும் இடப்பக்க ஏற்றத்தில் அது பின்தங்கும். தூரிகையை நிறுத்தி நிற்பேன். அது வந்து சேர்ந்ததும், இருவருமாக மேலே ஏறுவோம்.