வால்வில் தேங்காய் எண்ணெய்

போன வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரிப்பேர் கடையில் நின்றபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அதற்கு முன்னால் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்தெட்டு வயதில் டிரம்பெட் கற்றுக்கொண்டவன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான். மகள் ஷெரினுக்குச் சனிக்கிழமை கல்யாணம், கிள்ளானில் எங்கள் சர்ச்சில். மணப்பெண் உள்ளே வரும்போது நான்தான் ஊதப்போகிறேன் என்று மூன்று மாதமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

டிரம்பெட்டில் மூன்று வால்வுகள் உண்டு. விரலால் அமுக்கினால் இறங்கும், விட்டால் ஏறும். அதற்கென்றே தண்ணீர் மாதிரி மெல்லிய ஆயில் விற்கிறார்கள். என்னிடம் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகச் சோம்பல். சமையலறையில் தேங்காய் எண்ணெய் இருந்தது... தலைக்கு ஆகிறது, முழங்கால் வலிக்கு ஆகிறது, டிரம்பெட்டுக்கு ஆகாதா?

வீட்டில் அருமையாக வேலை செய்தது. கிள்ளான் வெயிலில் எதுதான் உருகாது? புதன்கிழமை சர்ச்சில் ஒத்திகை. எங்கள் சர்ச் ஏர்கோன் அப்படிப்பட்டது — ஸ்வெட்டர் இல்லாமல் பிரசங்கம் கேட்க முடியாது. அரை மணி நேரத்தில் எண்ணெய் உறைந்துவிட்டது. அமுக்கிய வால்வு ஏறவே இல்லை. பியானோ வாசிக்கும் பெண் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலையிலேயே பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினேன். ரிப்பேர் செய்பவர் ஸ்டெல்லா, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வால்வைக் கழற்றி, மூக்கருகே கொண்டுபோய் மோந்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

“அங்கிள், இது என்னா... ஹேர் ஆயிலா?”

“அவசரத்துக்கு...”

“நல்ல வேளை, நெய் ஊத்தாம விட்டீங்க லா!”

சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரஷ் விட்டுத் தேய்த்து, காயவைத்து, புது ஆயில் போட வேண்டுமாம். நாளை சாயந்திரம் வாங்கிக்கொள்ளலாம் என்றார். நான் கடை கார்டைப் போட்டோ எடுத்து, ‘டிரம்பெட் ஆஸ்பத்திரியில். நலமாக உள்ளது’ என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். எதையும் மனதுக்குள் வைத்திருக்கத் தெரியாது எனக்கு.

வெள்ளி சாயந்திரம் போனால், “இன்னும் ரெடியாகல அங்கிள். திங்கக்கெழம வாங்களேன்” என்கிறார். டிரம்பெட்டோ அவர் மேசையிலேயே பளபளவென்று இருக்கிறது!

“இதோ இருக்கே?”

ஸ்டெல்லா நெளிந்தார். “எனக்குப் பொய் சொல்ல வராது. நேத்தே முடிச்சிட்டேன். உங்க மக போன் பண்ணிச்சு. கல்யாணம் முடியுற வரைக்கும் குடுக்காதீங்கன்னு சொல்லிச்சு.”

கோபம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது அவமானம். டிரம்பெட்டை அங்கேயே விட்டுவிட்டு, கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வரும்வரை தலை குனிந்தே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் ஷெரின், கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் டோர் கிப்ட் பைகளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அவ்ளோ மோசமாவா வாசிக்கிறேன்?”

“மோசம்தாம்பா. ஆனா அதுக்காக இல்ல.” ரிப்பனைக் கீழே வைத்தாள். “நீங்க பியானோ பக்கத்துல நின்னு ஊதினா, என் கையைப் புடிச்சிக் கூட்டிட்டு வர்றது யாரு? மாமாவா?”

உண்மைதான். அந்த வேலையை என் மைத்துனருக்குத் தாராளமாகத் தூக்கிக் கொடுத்திருந்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு அப்பா செய்கிற காரியமா இது?

“முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?”

“எத்தன வாட்டி சொல்ல வந்தேன்! நீங்க ஊதிக்கிட்டே இருந்தீங்க.”

சனிக்கிழமை பியானோ ஒலிக்க, நாங்கள் இருவரும் நடந்தோம். வாசலிலிருந்து பீடம் வரை என்ன தூரம்... நாற்பது அடி இருக்குமா? பாதி வழியில் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவ்வளவுதான். எனக்கு மூக்கு ஒழுகியது, உதடு நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அந்த உதட்டை வைத்துக்கொண்டு யார் டிரம்பெட் ஊதுவது?