பாலத்துக்கு முன்னால் இறங்கியவள்

பின்னேரம் இரண்டு மணியிருக்கும். தெல்லிப்பழையில் ஒரு வெங்காயத் தோட்டத்தில் நின்றேன். விவசாயப் போதனாசிரியர் வேலை. தோட்டக்காரர் நுனி கருகிய வெங்காயத் தாளைப் பிடுங்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது பிள்ளைகளின் பள்ளிக்கூட வான் சாரதி தொலைபேசியில் எடுத்தார்.

"அண்ணை, உங்கடை மூத்தவ தொண்டைமானாற்றுப் பாலத்துக்கு இஞ்சாலை வானை நிப்பாட்டச் சொல்லி இறங்கிட்டா. தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு இறங்கினவ. ஏறச் சொல்ல ஏறமாட்டாவாம். மற்றப் பிள்ளையளை வைச்சுக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நிக்கிறது? வெளிக்கிட்டிட்டன்."

"ரோட்டிலை விட்டிட்டோ போறீர்?"

தொடர்பு அறுந்துவிட்டது.

மூத்தவளுக்குப் பதினொரு வயது, சின்னவளுக்கு ஆறு. எங்கள் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், உடுப்பிட்டியில். பாலத்தடியில் வீதியின் இரண்டு பக்கமும் தண்ணீர். எனக்கு அந்தத் தண்ணீர்தான் கண்ணில் நின்றது. தோட்டக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

வழி நெடுகத் தொலைபேசியை ஹெல்மெட்டுக்குள் செருகி வைத்துக் கதைத்துக்கொண்டே ஓடினேன். மனைவிக்கு எடுத்தேன். அவளிடமும் தகவல் இல்லை, அழத் தொடங்கிவிட்டாள். வான்காரருக்கு எடுத்தேன், அவர் தூக்கவில்லை. தொண்டைமானாற்றில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு எடுத்தேன், அவர் ஊரில் இல்லை. அச்சுவேலிச் சந்தியில் ஒரு லொறியை முந்தும்போது எதிரே வந்த ஓட்டோக்காரர் கத்தினது காதில் விழுந்தது. நான் நிற்கவில்லை.

பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு சிறிய கடை. அதன் வாசலில் போட்டிருந்த மர வாங்கில் இரண்டு பேரும் இருந்தார்கள். சின்னவள் சோடா குடித்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் தங்கச்சியின் புத்தகப் பையைத் தன் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தாள்.

கடைக்கார அம்மா, "பிள்ளை என்ரை போனிலை உங்களுக்கு எத்தினை தரம் அடிச்சவ. ஒரே கதைச்சுக்கொண்டே இருந்தீங்களாம்" என்றார்.

மகள் என் ஹெல்மெட்டைப் பார்த்தாள். "நீங்களும் போனோடையோ ஓடியந்தனீங்கள்?"

எனக்குச் சுரீரென்று ஏறியது. "ஆரைக் கேட்டு இறங்கினனீ? உனக்கு ஏதும் நடந்திருந்தால்? அவளையும் இழுத்துக்கொண்டு!"

"அவர் ஒரு கையாலை போனைப் பிடிச்சுக் கதைச்சுக்கொண்டு பஸ்ஸோடை போட்டிக்கு ஓடினவர் அப்பா. மூண்டு தரம் சொன்னனான், போனை வையுங்கோ எண்டு. சிரிச்சவர். தங்கச்சி சீற்றாலை விழுந்திட்டாள். பயமெண்டால் வாயைத் திறந்து சொல்லு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

சின்னவளின் முழங்காலை அப்போதுதான் பார்த்தேன். உரஞ்சிச் சிவந்திருந்தது.

அடுத்துச் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த நேரம் பார்த்து வான்காரர் எடுத்தார். "பிள்ளையளைக் கண்டிட்டீங்களே?" என்றார். நான், "ஓம் தம்பி. சின்னப்பிள்ளை, தெரியாமல் செய்துபோட்டாள். மனதிலை வைச்சுக்கொள்ளாதையும்" என்றேன். எங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது அந்த ஒரு வான்தான். அதைவிட, என் உடம்பில் பழகிப்போன ஒன்று இருந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இராணுவச் சோதனைச் சாவடிக்கு முன்னால் அப்பா என் கையை இறுக்கிப் பிடித்து, "கீழை பார், வாயைத் திறவாதை" என்பார். அது எங்களைக் காப்பாற்றியது. ஆனால் வான்காரர் வான் ஓடும்போது போன் கதைப்பதை நானே இரண்டு தரம் கண்டிருந்தேன். ஒரு சொல் சொன்னதில்லை.

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். இருவரையும் ஏற்றி மெதுவாக ஓட்டி வந்தேன். வழக்கமாக என் இடுப்பைப் பிடிப்பவள் அன்று பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் காலை வான் வந்து ஹோர்ன் அடித்தது. மூத்தவள் சீருடையோடு வாசல் படலையடியில் நின்றாள். ஏறவில்லை. சின்னவள் அவளுடைய கையை விடவில்லை. வானுக்குள் இருந்த பிள்ளைகள் எல்லாரும் கண்ணாடியால் பார்த்தார்கள். முன்வீட்டுக்காரரும் வெளியே வந்துவிட்டார்.

"ஏறன் பிள்ளை, நேரம் போகுது" என்றார் வான்காரர்.

மகள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் சாரதிப் பக்கம் போனேன். "தம்பி, நேற்று நான் சொன்னது பிழை. பிழை என்ரை பிள்ளையிலை இல்லை. நீர் போன் கதைச்சுக்கொண்டு ஓடினது பிழை, பிள்ளையளை ரோட்டிலை விட்டிட்டுப் போனது அதைவிடப் பிழை. இனி அப்பிடி ஓடமாட்டன் எண்டு இவையளுக்கு முன்னாலை சொல்லும்."

"பத்து வருஷமா ஓடுறன். ஒரு கீறல் இல்லை. உங்களுக்குச் சரிவராட்டி வேறை வான் பாருங்கோ" என்று கியரைப் போட்டார். கடைசிச் சீற்றில் இருந்த ஒரு பிள்ளை எங்கள் மூத்தவளுக்குக் கை காட்டியது. வான் வளைவில் திரும்பியது.

"நீங்கள் நடுங்கினனீங்கள்" என்றாள் மகள்.

"ஓம்."

"நானும் வானுக்குள்ளை நடுங்கினனான்."

"நேற்று நான் அவரோடை அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது. உன்னை ஏசினதும் பிழை" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு நாள் என்னோடு அளந்துதான் கதைத்தாள்.

அந்தப் பள்ளித் தவணை முழுக்கக் காலையில் நான் ஏற்றிப் போய் விட்டேன். பின்னேரம் மனைவி பஸ்ஸில் போய்க் கூட்டி வந்தாள். நான் வேலைக்குப் பிந்தாத நாள் குறைவு. வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு தகப்பன் எடுத்து, "உங்கடை மகளாலை இப்ப எங்கடை பிள்ளையளும் வானிலை ஏறமாட்டினமாம்" என்று ஏசினார். அவரே இரண்டு கிழமை கழித்து மறுபடி எடுத்தார். அடுத்த தவணைக்கு நான்கு வீட்டுக்காரர் சேர்ந்து வேறு வான் பிடிக்கிறோம், நீங்களும் வாறீங்களோ என்று கேட்டார்.

"பிள்ளையளைக் கேட்டுச் சொல்லுறன்" என்றேன்.

மூத்தவளைக் கேட்டேன். புதுச் சாரதியை முதலில் தான் பார்க்க வேண்டுமாம். பார்த்தாள். ஓடும்போது போன் கதைப்பீங்களோ என்று அவரிடம் அவளே நேரே கேட்டாள். நான் படலைக்கு உள்ளே நின்று, வாயைத் திறக்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டேன்.