காணும் பொங்கலுக்கு வந்த மீன்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், மூன்றடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு ஜீப்ரா மீன். சுண்டுவிரல் நீளம்கூட இராது, உடம்பெல்லாம் நீலக் கோடு. கூட்டமாக வாழவேண்டிய இனம் அது. துணைக்கு ஆள் இல்லாததால் கண்ணாடியில் தெரிகிற தன் உருவத்தோடு சேர்ந்து நீந்திக்கொண்டிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும், "இவ்ளோ பெரிய தொட்டிக்கு ஒரு மீனா?" என்று கேட்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். "ஆமா, ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விடுவேன்.

தொட்டி வாங்கியது என் வீட்டுக்காரர். கச்சிராயபாளையத்தில் கரும்பு வைத்துப் பிழைத்த மனிதர். கோமுகி அணை திறந்துவிட்டால் பாதி நாள் வாய்க்கால் தண்ணீரில்தான் நிற்பார். அவருக்குத்தான் இரண்டு கிட்னியும் போயிற்று. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறி டயாலிசிஸ். குடிப்பதற்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர், காபியும் ரசமும் அதற்குள் அடக்கம். அளந்து கொடுப்பது என் வேலை. தாகம் என்று கேட்கிற புருஷனிடம் இல்லை என்று சொல்லவேண்டிய பிழைப்பு. அதட்டி அனுப்பிவிட்டு அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன்.

இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு, "போதும், நான் வரல" என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் காலையில் எங்கள் வீட்டில் சண்டை. கெஞ்சுவேன், கத்துவேன், சட்டையை எடுத்து மூஞ்சியில் எறிவேன். அப்படி ஒரு மார்கழி வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் இருந்த மீன் கடை முன்னால் நின்றுவிட்டார். மார்கழியில் புதுசாக எதுவும் வேண்டாம் என்றேன்.

"குடிக்கத்தான் கூடாது. பாக்கவும் கூடாதா?" என்றார்.

அவர் பின்னாலேயே நானும் கடைக்குள் போனேன்.

கடைக்காரர் பொறுமையான ஆள். புதுத் தொட்டியில் உடனே மீனைக் கொட்டக்கூடாது என்று விளக்கினார். மீன் கழிக்கிற கழிவு தண்ணீரிலேயே அமோனியாவாகத் தங்கும், அதுதான் விஷம். அந்த விஷத்தைத் தின்கிற நுண்ணுயிர் ஃபில்டர் பஞ்சில் வந்து குடியேற ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமாம். "அதுவரிக்கும் ஆறே ஆறு ஜீப்ரா வுடுங்க. கூட்டமா இருந்தாத்தான் அதுங்களுக்குத் தெம்பு, ஒண்ணு ரெண்டு வுட்டா பயந்து மூலையில ஒண்டிக்கும். ஆனா புதுத் தொட்டி பெரிய கூட்டத்தத் தாங்காதுங்க. தண்ணி செட் ஆனப்புறம் இன்னும் பத்து வாங்கிக்கினு போங்க."

எனக்குப் பாதி புரியவில்லை. என் வீட்டுக்காரர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "தொட்டிக்கு இன்னும் கிட்னி வரல. அதான?" என்றார். கடைக்காரர் சிரித்தார். சிரித்தவர், ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்திருந்த அவர் கையைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு தொட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுவாரம் ஆறு ஜீப்ராக்கள் வீட்டுக்கு வந்தன. தண்ணீரைச் சோதிக்க ஒரு புட்டியில் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தை விட்டால், மஞ்சளாக இருந்தால் நல்லது, பச்சையானால் விஷம். தினமும் காலையில் என் வீட்டுக்காரர் அதை ஜன்னல் பக்கம், கல்வராயன் மலை தெரிகிற வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். லேசான பச்சையாக இருக்கும். ஒரு வாளித் தண்ணீரை எடுத்துவிட்டு, முதல்நாளே பிடித்துவைத்த புதுத் தண்ணீரை ஊற்றுவார். தானே டயாலிசிஸ் செய்கிற டாக்டர் மாதிரி ஒரு முகம் அப்போது.

சண்டையும் நின்றது. செவ்வாய்க்கிழமை நான் கூப்பிடுவதற்கு முன்பே சட்டை போட்டு நிற்பார், போகிற வழியில் மீன் கடைக்காரரிடம் பச்சை எவ்வளவு என்று சொல்லவேண்டுமே! "இது செட் ஆயிடட்டும், நானும் செட் ஆயிடுவன்" என்று விளையாட்டாகச் சொல்வார். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தொட்டி இருக்கிறவரைக்கும் மனிதர் ஆஸ்பத்திரிக்கு வருவார் என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மீன்மீது எனக்கு ஒரு ஆசையும் கிடையாது. அவர் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க எங்கள் பக்கத்தில் யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஆரஞ்சு, வாழைப்பழம், இளநீர். ஒன்றையும் அவர் தொடக்கூடாது, பழத்தில் இருக்கிற சத்தே அவருக்கு ஆகாது. வந்தவர்கள் முன்னால் அதைச் சொன்னால் முகம் வாடிவிடும். அவர்கள் போனபிறகு அந்தப் பழங்களை அவர் கண்ணில் படாமல் நான் தின்று தீர்க்கவேண்டும். இந்தத் தொல்லை ஒழியட்டும் என்று, சங்கராபுரத்தில் இருக்கும் என் நாத்தனாரிடம் போனில் சொன்னேன்: "பழம்லாம் வாணாம்மா. ஒங்க அண்ணனுக்கு இப்ப மீனுதான் உசுரு." வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

காணும் பொங்கல் அன்று மூன்று வீட்டார் ஒன்றாக வந்தார்கள். சங்கராபுரத்திலிருந்து நாத்தனார் குடும்பம், நைனார்பாளையத்திலிருந்து அவருடைய சித்தப்பா குடும்பம், ஊருக்குள்ளேயே இருக்கும் பங்காளி வீட்டார். நாத்தனார் சொல்லிவைத்திருக்கிறாள். எல்லோர் கையிலும் காற்று அடைத்த பிளாஸ்டிக் பை. ஒன்றில் பதினைந்து நியான் மீன், ஒன்றில் பத்து டைகர் மீன், ஒன்றில் கட்டைவிரல் பருமனில் நாலு கோல்டு மீன்.

"அண்ணே, பாத்தியா! ஜோரா இருக்குமில்ல?" என்றாள் நாத்தனார். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இரண்டு வருடமாக அண்ணனுக்குத் தின்ன ஒன்றும் வாங்கிவர முடியாதவள்.

அவர் என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வாணாம். தாங்காது" என்றார்.

எனக்கும் தெரியும். தினமும் அந்தக் குழாயை நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் தொட்டியைச் சுற்றி நிற்கின்றன. ஆசையாக வாங்கிவந்ததை அவர்கள் கண்ணெதிரே பக்கெட்டில் கொட்டி வைத்தால் என்ன நினைப்பார்கள்? நாளைக்கு ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடிவரப்போவது இவர்கள்தானே? "சும்மா இருங்க, நாலு பேரு எதுருல" என்று பல்லுக்குள் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பையாக அவிழ்த்து நானே ஊற்றினேன்.

அழகாகத்தான் இருந்தது. நியான் எல்லாம் ஒன்றாகத் திரும்பின, ஒன்றாக நின்றன. குழந்தைகள் கைதட்டின. அவர்கூடச் சிரித்தார். போகும்போது குழந்தைகள் ஆளுக்கொரு பிடி தீனி போட்டுவிட்டுப் போயின.

இரண்டாம் நாள் குழாய் கரும்பச்சையாக இருந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அந்த மூச்சு எனக்குத் தெரியும். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டபோது அவரும் படுக்கமுடியாமல் உட்கார்ந்து அப்படித்தான் வாங்கினார். அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்கவேண்டும், தொட்டியைப் பார்க்காமல் வாளியைத் தூக்கினார். கனம் தூக்கக்கூடாத கையால் தூக்கினார். நானும் தூக்கினேன். பாதித் தண்ணீர் மாற்றினோம், மறுபடி பாதி மாற்றினோம். மறுநாள் மறுபடியும் பச்சை. முதலில் நியான்கள் போயின, பிறகு டைகர், கோல்டு. தினமும் காலையில் முருங்கை மரத்தடியில் குழி தோண்டினேன். பழைய ஜீப்ராக்களும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பத்து நாளில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, இரண்டு பேரும் அழுது, அது ஒரு வழியாகத் தீர்ந்திருக்கும். "தங்கச்சிகிட்ட சொல்லாத, மனசு கஷ்டப்படும்" என்றார். அது மட்டும்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் சட்டை போடவில்லை.

"நேரமாவுது, இன்னாங்க, கெளம்புங்க" என்றேன்.

"எவ்ளோ மாத்தினாலும் பச்சையாத்தான இருக்குது? வுட்டுடு" என்றார்.

தொட்டியைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். காலில் விழுந்தேன். சட்டையை எறியக்கூடத் தெம்பில்லை. நாத்தனாரை வரவழைத்தேன், அவள் அழுதாள். வெள்ளிக்கிழமையும் அவர் போகவில்லை. அடுத்த புதன்கிழமை மத்தியானம் போய்விட்டார். மீன் செத்ததற்காக ஒரு மனிதன் சாவானா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை.

கருமாதி அன்று வீட்டில் பிடித்துவைத்த தண்ணீரையெல்லாம் பெண்கள் கொட்டிக் கழுவினார்கள். குடம், அண்டா, பக்கெட் எல்லாம் காலியாயிற்று. ஒருத்தி தொட்டிக்கும் சொம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். கையைத் தட்டிவிட்டேன். துக்கத்தில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். எல்லோரும் போனபிறகு, ஏன் என்று தெரியவில்லை, அந்தக் கண்ணாடிக் குழாயை எடுத்து அவர் செய்கிற மாதிரியே மருந்தை விட்டு ஜன்னலில் பிடித்தேன். மஞ்சளாக இருந்தது. பச்சை ஒரு துளிகூட இல்லை.

போன மாதம் நாத்தனார் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தாள். ஒன்றை உரித்து என் கையில் கொடுத்தாள். நான் தின்றேன். அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் கண்ணு பட்டுட்ச்சி அண்ணி. அன்னிக்கி அத்தினி மீனு வுட்டமே, அண்ணன் ஒண்ணுமே சொல்லலியா?" என்றாள்.

"இல்லம்மா. ஒண்ணும் சொல்லல" என்றேன்.