பச்சை எரிந்த பெட்டி

கோட்டைப்பட்டினத்துச் சம்மாட்டியை நினைத்தால் எனக்கு முதலில் அவருடைய கட்டைவிரல்தான் நினைவுக்கு வரும். படகுச் சொந்தக்காரரை அந்தப் பக்கம் சம்மாட்டி என்பார்கள். கரையில் நின்ற தன் விசைப்படகில், நாங்கள் பொருத்திக் கொடுத்த சாம்பல் நிறப் பெட்டியின் பச்சை விளக்கை அந்த விரலால் மூடுவார், எடுப்பார், மறுபடி மூடுவார். படகு நிற்கும் இடத்தைப் பெட்டி தன் சின்னத் திரையில் காட்டும்; எல்லைக்கோட்டை நெருங்கினால் கூவும். நான் புதுக்கோட்டையில் ஒரு சிறிய ஆபீசில், பெட்டிக்குள் ஓடும் நிரலைப் பார்த்துக்கொள்கிறவன். கொடும்பாளூர்க்காரன், கண்மாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அறியாதவன்.

"பச்சை எரிஞ்சா நம்பலாம்ல தம்பி?" என்று என்னைத்தான் கேட்டார். உடன் வந்த மேனேஜர் முந்திக்கொண்டார். "தாராளமா நம்பலாங்க. ஒண்ணே ஒண்ணு, பொட்டிய எப்பவும் அமத்தக் கூடாது." சம்மாட்டி உடனே மகனைக் கூப்பிட்டு, பெட்டியை அணைக்கவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். படகை ஓட்டுபவன் அவன்தான்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் மற்றப் படகுகள் எல்லாம் கரைக்கு வந்தன, அந்தப் படகு வரவில்லை. எல்லை தாண்டி, அந்தப் பக்கத்துக் கடற்படையிடம் பிடிபட்டுவிட்டது. "பொட்டி நம்ம பக்கம்னுதானே காட்டுது" என்று மகன் வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகுக்காரரிடம் சொன்னதுதான் கடைசிப் பேச்சு.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். சம்மாட்டி திட்டியிருந்தால்கூடத் தேவலை. "மத்த பயலுக எல்லாம் எஞ்சின் எடுத்த கையோட பொட்டிய ஒரு தரம் அமத்திப் போட்டுக்குவாய்ங்களாம், தம்பி. அப்பத்தான் சரியாக் காட்டுமாம். எம்மவன் சொன்ன சொல் தட்டாதவன்" என்றார். ஆபீசுக்குத் திரும்பி, அதே மாதிரிப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெட்டிக்குள் இரண்டு சிப்புகள். ஒன்று இடத்தைக் கணிக்கும், மற்றது அதைக் கேட்டு வாங்கித் திரையில் காட்டும். நடுவே இரண்டே கம்பிகள். கேட்கிற சிப் ஒரு கம்பியில் தட்டத் தட்ட, சொல்கிற சிப் மற்றக் கம்பியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லும். வலை இழுத்து முடித்து எஞ்சினை மறுபடி கிளப்பும்போது பேட்டரி ஒரு கணம் சோர்ந்துபோகும். அதில் கேட்கிற சிப் மயங்கி எழுந்து பாதிப் பேச்சை மறந்துவிடும். சொல்கிற சிப்போ மயங்காமல், அடுத்த தட்டு வரட்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அது கம்பியை விடட்டும் என்று கேட்கிற சிப் நிற்கும். திரையில் பழைய இடம் அப்படியே இருக்கும். பச்சை விளக்கும் எரியும், ஏனென்றால் மின்சாரம் வருகிறது என்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. அமர்த்திப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். அதைத்தான் கூடாது என்று சொல்லி வைத்திருந்தோம்.

இதற்கு மருந்து இந்தத் தொழிலில் பலருக்கும் தெரிந்ததுதான். கம்பி சிக்கியிருந்தால் கேட்கிற சிப் ஒன்பது தரம் தட்ட வேண்டும். சொல்கிற சிப் தான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துக் கம்பியை விட்டுவிடும். பிறகு பேச்சு முடிந்தது என்று அறிவித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். சிப்புகளைப் பேசவைக்க நாங்கள் வாங்கிப் போட்ட டிரைவர் நிரலில் அந்த வரிகள் இல்லை. நாங்கள் சோதித்துப் பார்த்த ஆபீஸ் மேசையில் எஞ்சின் ஏது, பேட்டரி சோர்வதற்கு? என் மேலும் மேனேஜர் மேலும் அந்த மேசை மேலும் ஆத்திரமாக வந்தது. வரிகளை எழுதிச் சேர்த்தேன். சிக்கியிருக்கும் வரை சிவப்புத்தான் எரிய வேண்டும், விடுபடவே இல்லையென்றால் கூவ வேண்டும் என்றும் எழுதினேன்.

மகன் ஒரு மழைக்காலம் கழிந்து வந்து சேர்ந்தான். படகு வரவில்லை. இப்போது அவன் இன்னொருவர் படகில் கூலிக்குப் போகிறான். அந்தப் படகின் பெட்டியில் புது நிரலை ஏற்றப் போனபோது சம்மாட்டியும் கரைக்கு வந்திருந்தார். நம்பலாமா என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டே வேலை செய்தேன். அவர் கேட்கவில்லை. விளக்கைத் தொடவும் இல்லை.

இன்றும் மேசையில் ஒவ்வொரு பெட்டிக்கும் மின்சாரத்தை வேண்டுமென்றே சோரவைத்துப் பார்க்கிறேன். சிவப்பு எரிகிறது; ஒன்பது தட்டு; கண் இமைப்பதற்குள் பச்சை. என்னை அறியாமலே கட்டைவிரலால் அதை மூடி, எடுத்துப் பார்க்கிறேன். அவரை ஊரில் இன்னமும் சம்மாட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருக்குப் படகு இல்லை.