அரை டாக்டரின் முழங்கால்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் 'அரை டாக்டர்' என்று பெயர். முப்பத்தொரு வருஷம் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர். தும்மினால் ஒரு மாத்திரை, இருமினால் ஒரு மாத்திரை என்று ஊருக்கே எடுத்துக் கொடுத்தவர். நின்று நின்றே வலது முழங்கால் தேய்ந்தது. அதை அறுத்து உள்ளே உலோக மூட்டு வைத்தார்கள். தையல் பிரித்த அன்று, "இனிமே ஓட்டப்பந்தயம்தான் பாரு" என்றார். எனக்கும் அந்த ஆசைதான். இரண்டு வருஷமாக அவரைக் குளியலறைக்குத் தாங்கிப் போய் என் முதுகு விட்டுப்போயிருந்தது.

மூன்றாவது வாரம் தையல் தழும்பின் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் கசிந்தது. குனிந்து பார்த்தார், தொட்டு முகர்ந்தும் பார்த்தார்.

"இதுக்கெல்லாமா டாக்டர்? ஆன்டிபயாடிக் அஞ்சு நாள் போட்டா காஞ்சிடும். அலமாரி மேல்தட்டுல மூணாவது டப்பா, எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன், தண்ணீரோடு. கசிவு நின்றது. மாத்திரை முடிந்ததும் மறுபடி கசிந்தது. மறுபடி மாத்திரை. இப்படியே இரண்டு மாதம் ஓட்டினோம். மூட்டு வீங்கி, காலை ஊன்றவே முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தோம்.

மூட்டு வைத்த டாக்டரம்மா முழங்காலில் ஊசி செருகி நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். கிருமி எதுவும் வளரவில்லை என்று முடிவு வந்தது. இவர் முகத்தில் ஒரே பெருமை.

"நான் சொல்லல?"

"கிருமி இல்லாம இல்லைங்க. உங்க மாத்திரைக்குப் பயந்து உள்ள பதுங்கிக் கிடக்கு. அது எதுன்னு தெரியாம நான் என்ன மருந்து குடுக்கிறது? ரெண்டு வாரம் எந்த ஆன்டிபயாடிக்கும் தொடக்கூடாது. அப்புறம் திரும்ப நீர் எடுப்போம். நடுவுல குளிர்ஜுரம் வந்தா உடனே வந்துடுங்க."

"மூட்டு தங்குமா டாக்டர்?"

"அதையும் அப்பதான் சொல்ல முடியும்."

எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமான இரண்டு வாரம் வந்ததில்லை. அலமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது. வலி மாத்திரைக்கு மட்டும் அனுமதி. பத்தாம் நாள், "ஒண்ணே ஒண்ணு குடு தாயே, யாருக்குத் தெரியப்போகுது" என்று கெஞ்சினார். "உங்க முட்டிக்குத் தெரியும்" என்று கத்தினேன். கத்திவிட்டு அடுக்களையில் போய் அழுதேன். எனக்கு அலுத்துவிட்டது. அவருக்கு அதைவிட அலுத்திருந்தது. ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

இரண்டாவது பரிசோதனையில் கிருமி வளர்ந்தது. விட்டு விட்டு விழுங்கியதில் அந்த மாத்திரைக்கு அது இப்போது மசிவதில்லையாம். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. மூட்டைக் கழற்ற வேண்டும். அந்த இடத்தில் மருந்து கலந்த எலும்புச் சிமெண்ட் வைத்து மூட வேண்டும். ஆறு வாரம் ஊசி. கிருமி போய்விட்டது என்று உறுதியானால்தான் புது மூட்டு.

"முதல்ல கசிஞ்சப்பவே வந்திருந்தா?" என்று கேட்டது நான்தான்.

"திறந்து, உள்ள நல்லா கழுவி விட்டிருக்கலாம். இந்த மூட்டே தங்கியிருக்கும்னு நினைக்கிறேன். ஏன் வரல?"

கசிவைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரியும், காட்டித்தான் ஆக வேண்டும் என்று. மறுபடி இந்தப் படியேறி, இந்த வரிசையில் உட்கார்ந்து, இந்தச் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டுமே என்ற அலுப்பு. அவர் டப்பாவைச் சொன்னதும் அப்பாடா என்று எழுந்து போய் எடுத்தேன்.

இவர் முந்திக்கொண்டார்.

"இவ அன்னிக்கே வரலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டா டாக்டர். நான்தான் கேக்கல."

அப்படி ஒரு வார்த்தை நான் சொல்லவே இல்லை. அது அவருக்கும் தெரியும். டாக்டரம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.