சவரிமுத்து பூசிய எண்ணெய்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நின்றேன். கடைக்குள்ளிருந்து காசிம் நானா கூப்பிட்டார். "ஐயா, விசயம் தெரியாதா? பன்விலத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சவரிமுத்து நேத்து மோசம் போயிட்டாராம், நாளைக்கு அடக்கமாம்." வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் பொறுமைசாலி என்பீர்கள். என்னை அவர் திட்டியதை நீங்கள் கேட்டதில்லை.

நான் கண்டி அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். பழைய கல்லெழுத்து என்றால் பைத்தியம். அவர் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில் ஆளுயரக் கல் ஒன்று நின்றது. தொழிலாளர்களுக்கு அது முனியாண்டி. தலைமுறையாகப் பூசிய எண்ணெயும் குங்குமமும் எழுத்தை மூடியிருந்தன. ஒரு ஞாயிறு, அவர் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்த நேரம், சாம்பலும் தேங்காய்நார்த் தூரிகையும் கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவினேன். எவனோ ஒரு அரசன் விகாரைக்கு நிலம் கொடுத்த சாசனம்! நாலு வரி எழுதிக்கொண்டேன், மழை பிடித்துக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை போனால், கல்லைச் சுற்றிச் சம்மட்டியோடு நாலு பேர். மதகு கட்ட அதை உடைக்கச் சொல்லித் தோட்டத்துத் துரை எத்தனையோ தடவை கேட்டும் தொட மறுத்தவர்கள். "கழுவினதோட சாமி மலையேறிருச்சுங்க. இனி வெறுங்கல்லுதானே?" என்றான் ஒருவன்.

"ஐயோ, ராசா வெட்டின கல்லு, உடைக்காதேங்கோ!" என்று கத்தினேன். அவர்களுக்கு எந்த ராசா, யார் ராசா? முதல் அடியில் மூலை தெறித்தது. பாவி, நானே கொன்றேனே!

அப்போதுதான் சவரிமுத்து எண்ணெய்ப் போத்தலோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். கழுத்தில் செபமாலை ஆட, கல்லின் தலையில் எண்ணெயைக் கவிழ்த்து, குங்குமத்தை அள்ளி அப்பி, கர்ப்பூரம் கொளுத்தினார். ஓங்கிய சம்மட்டிகள் அடிக்காமலே தாழ்ந்தன.

"தொரைக்கு என்னங்க சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன். போங்க."

துரை மூன்று மாதம் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். "விக்கிரகத்தைக் கும்பிட்டாயா?" என்று பங்குச் சாமியார் கேட்டதற்கு, "இல்லீங்க சாமி, காவல் போட்டேன்" என்றாராம்.

எனக்குக் கிடைத்ததுதான் வசவு. "படிச்ச மனுசன் செய்யிற வேலையாங்க இது? ராசாவுக்கு அது சாசனம். சிங்கள ஊராளுகளுக்குப் புதையல் காக்கிற யக்கா. எங்க ஆளுகளுக்கு முனியாண்டி. யாருமே வெறுங்கல்லுன்னு நெனைக்கலே, அதான் நின்னுச்சு. நீங்கதான் கல்லாக்கினீங்க."

நேற்று அடக்கம் முடிந்து, தனியாக அந்தக் கல்லடிக்குப் போனேன். முனியாண்டியை நான் நம்புவதில்லை. ஆனாலும் ஒரு போத்தல் எண்ணெய் கொண்டுபோயிருந்தேன்.

சாசனத்தின் நாலு வரி என்னிடம் இருக்கிறது. மிச்சத்தின் மேல் என் கையாலேயே எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தேன்.