சுவரைத் தட்டிய வாய்

பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர் அவர். இரும்புத்தூள் கூட்டும் வேலைக்குப் போன லேத்துப் பட்டறையைப் பின்னாளில் அவரே விலைக்கு வாங்கினார். எல்லோருக்கும் அவர் லேத்துக்காரர். எவனிடமும் ஏமாந்ததில்லை என்று மார்தட்டிச் சொல்வார். சொல்வதற்குத் தகுதியும் இருந்தது.

அப்பேர்ப்பட்டவருக்கே ஒரு வீட்டுத் தரகன் தண்ணி காட்டினான்.

லேத்துக்காரர் குடியிருந்தது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மனைவிக்கு முட்டி தேய்ந்துபோய், படியிறங்குவதையே விட்டுவிட்டார். தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்கியே ஆக வேண்டும். விளம்பரத்தில் மைதானம் போலத் தெரியும் கூடத்தில், நேரில் போய்க் கட்டில் போட்டால் கதவு திறக்காது. ‘காற்றோட்டமான’ அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர் மூக்கில் இடிக்கும். போகிற வீட்டிலெல்லாம் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் வேறு நிற்பார்.

“அந்தப் பார்ட்டி ரெடியா இருக்காங்க ஐயா,” என்று தரகன் காதைக் கடிப்பான். விலை ஏறும். கூடவே அவன் கமிஷனும் ஏறும்.

கடைசியாகப் பார்த்த வீட்டுக்கு மனைவியையும் மெல்லப் படியிறக்கிக் கூட்டி வந்திருந்தார். அவர் சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “இது போதுங்க. ஒரு படிகூட இல்ல.”

அங்கும் கண்ணாடிக்காரர் வந்து சேர்ந்தார். விலை ஏறியது. லேத்துக்காரர் அவரை வாசலில் மடக்கினார்.

“ஏன் சார், இப்படி வந்து நிக்கறதுக்கு அவன் என்ன குடுக்கறான்?”

“நல்லா இருக்கே! நான் கேக்க வேண்டியதை நீங்க கேக்கறீங்க. வீட்டுக்கு வீடு வந்து சுவத்தைத் தட்டி, ‘கல்லு மாதிரி கட்டியிருக்கான்’னு தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னது யாரு? அதை நம்பி நானும் விலையை ஏத்திக் கேட்டேன். நீங்க அந்தாளோட ஆளுன்னு என் வீட்டுக்காரி அப்பவே சொன்னா.”

லேத்துக்காரர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். இரும்பைத் தட்டியே தரம் சொல்லிப் பேர் வாங்கிய கை அது. அந்தப் பெருமையை எங்கே போனாலும் அவிழ்த்துவிடுவது பழக்கம். அதைத் தரகன் காசில்லாமல் விளம்பரமாக்கிவிட்டான்.

“சரி, உங்களுக்கு இந்த வீடுதான் வேணுமா?”

“இல்ல, ஸ்கூல் பக்கத்துல நாங்க ஒரு மாடி வீடு பார்த்தோம், அதுதான் பிடிச்சிருந்துது. அதை நீங்க முடிச்சிட்டதா தரகர் சொன்னாரே?”

“நானா? படி ஏற முடியாமத்தானே வீடே தேடறேன்!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு லேத்துக்காரர் உள்ளே போனார்.

“முதல்ல சொன்ன விலைக்கு முடி தம்பி. வெளிய நிக்கறவர் அந்த மாடி வீட்டுக்கு வர்றாரு.”

தரகன் முகம் சுருங்கியது. “என் கமிஷன் ஐயா...”

“பேசினபடி தர்றேன். ஆனா வீடு வீடாத் தட்டி உனக்கு வியாபாரம் பார்த்தது நான். என் பங்கு எங்க?”

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தார். “இந்தச் சுவத்தையும் ஒரு தட்டு தட்டிட்டு முடிங்களேன்.”

லேத்துக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பத்திரம் கைக்கு வரட்டும்.”